பேர் சொல்லாததும் முதல் வாய்ச் சோறும்

1

சலீம் கேட்டது அரண்மனையைப் பற்றி. நான் எழுதப்போவது சோற்றைப் பற்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சலீம் என் பள்ளித் தோழன். கொடைக்கானல் பஜாரில் டீத்தூளும் தைலமும் விற்கிறான். மிச்ச நேரத்தில் மாதம் ஒரு சிறு பத்திரிகை கொண்டுவருகிறான். “வேலு, நீ ஜெர்மன் போயி நாலு வருசமாச்சு. பனி, அரண்மனை, ரயிலுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கக் கூடாதா? நம்மாளுக ஆசையாப் படிப்பாங்கள்ல” என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். பனியில் என்ன இருக்கிறது? நான் மன்னவனூரில் பிறந்தவன். உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகிக் கிடப்பதைப் பார்த்து அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன். எனக்குப் பனி மேல் காதல் வரவில்லை. அரண்மனையை இதுவரை பார்க்கவும் இல்லை. ஒன்பது மாதமாக நான் வீட்டில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி ஜெனி இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நான் கூட வந்தவன். கொடைக்கானலில் பதினோரு வருடம் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டியிருக்கிறேன். மேகம் இறங்கிக் கண் தெரியாத மலைப்பாதையில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு வண்டியைப் பின்னாலேயே ஓட்டிப் போனவன். அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். மீசை அரும்பாத பையன்களோடு என்னையும் உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். அதில் ஒருமுறை தோற்றும் போனேன். அது வயிற்றெரிச்சல் கதை, விடுங்கள்.

இன்று காலை மகனுடைய மழலையர் காப்பகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அடுத்த மாதம் முதல் அவன் அங்கே போகிறான். பெயர், பிறந்த நாள், தடுப்பூசி எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் குழந்தை விரும்பிச் சாப்பிடுவது என்ன? பதில் எழுத ஒற்றைக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கோடு! எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு அசதியாகிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு சலீமுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

மகன் இனியனுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது ஜெனி வேலைக்குத் திரும்பினாள், நான் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையிலிருந்து விடுப்பு எடுத்தேன். இந்த ஊரில் அப்பனுக்கும் பிள்ளை வளர்க்க விடுப்பு உண்டு. இதை அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அக்கா என்றால் அழகம்மாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அவள்தான். பூம்பாறையில் கட்டிக்கொடுத்தார்கள், மச்சானும் அவளும் மலைச்சரிவில் பூண்டு போடுகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

“ஏலே, நீ வீட்ல இருந்து புள்ளைக்கு ஆய் கழுவுற, அதுக்கு கவருமெண்டு சம்பளம் குடுக்குதா?”

“ஆமாக்கா.”

“நல்லா விசாரிச்சியா? பெறகு வேற ஏதும் சோலி சொல்லப் போறாங்க.”

ஆறாம் மாதம் வீடு தேடி வரும் மருத்துவச்சி வந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது கெட்டது பார்த்துச் சொல்லும் அம்மா. நல்ல மனுஷி, நேரம் தவறமாட்டார். இனி திட உணவு ஆரம்பிக்கலாம் என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தார். முதல் வாரம், மதியம், வேகவைத்து மசித்த கேரட். இரண்டாம் வாரம், கேரட்டும் உருளைக்கிழங்கும்.

நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேரட்டும் உருளைக்கிழங்கும்! எந்தக் கேரட்டைப் பிடுங்கிப் பிடுங்கி என் விரல் காய்த்ததோ, எந்த மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு இனிமேல் இந்தச் சோலியே வேண்டாம் என்று டிரைவர் வேலைக்கு ஓடினேனோ, அதை ஏழு கடல் தாண்டி வந்து என் பிள்ளைக்கு மசித்து ஊட்டச் சொல்கிறார் இந்த அம்மா. எங்கள் வீட்டில் கேரட் என்பது மார்க்கெட்டுக்குப் போகிற பொருள். உடைந்தது, இரட்டைக் கால் முளைத்தது மட்டும்தான் குழம்புக்கு வரும்.

மசித்தேன். மஞ்சளும் சிவப்புமாக நன்றாகத்தான் இருந்தது. சின்ன பிளாஸ்டிக் கரண்டியில் எடுத்து நீட்டினேன். இனியன் வாயைத் திறந்தான், உள்ளே வாங்கினான், யோசித்தான், அப்படியே என் சட்டையில் துப்பினான். மறுநாளும் துப்பினான். மூன்றாம் வாரத்தில் கரண்டியைப் பார்த்ததுமே உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். உருளைக்கிழங்கு, பூசணி, ஓட்ஸ், ஆப்பிள், எதுவும் இறங்கவில்லை. என் சட்டையெல்லாம் கேரட் கறை. துவைத்தால் போகாது; மன்னவனூரில் கேரட் கழுவுகிறவர்கள் கையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஜெனி வேலை முடிந்து வந்து கேட்பாள், “எவ்ளோ சாப்ட்டான்?” நான் சட்டையைக் காட்டுவேன். அவள் அன்று முழுக்கப் பல் போன கிழவர்களுக்கு மசித்த சாப்பாடு ஊட்டிவிட்டு வந்திருப்பாள். வாய் திறக்காதவர்களைத் திறக்க வைப்பதில் அவள் கெட்டிக்காரி. வீட்டில் கரண்டியை எடுத்து ஐந்து நிமிடம் முயற்சி செய்வாள். பிறகு கீழே வைத்துவிட்டு, “டயர்டா இருக்குங்க” என்பாள். எனக்கும்தான்.

3

சோறு கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

இனியனுக்கு முன்னால் ஜெனிக்கு இரண்டு முறை கரு கலைந்துபோனது. மூன்றாவது முறை மூன்று மாதம் முடிந்திருந்தபோது அக்கா போன் செய்தாள். குரலைக் கேட்டால் சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

“ஏலே வேலு, குழந்தை வேலப்பர்ட்ட நேந்துட்டு வந்துருக்கேன். புள்ள நல்லபடியாப் பொறந்தா, மொத வாய்ச் சோறு எங்க ஊரு சன்னதியில வெச்சுத்தான். அதுவரைக்கும் ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது. சொல்லிப்புட்டேன்.”

பூம்பாறை வேலப்பரே குழந்தை. குழந்தை முன்னால் குழந்தைக்குச் சோறு, நியாயம்தான் என்று பட்டது. சரிக்கா என்றேன். ஜெனியும் போனை வாங்கி அக்காவுக்கு வாக்குக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் லீவு எடுத்து ஊருக்குப் போகத்தானே போகிறோம் என்று நினைத்தேன்.

போக முடியவில்லை. காரணம், என் மகனுக்குப் பெயர் இல்லை.

இனியன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் குடும்பப் பெயர் வேண்டுமாம். பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் ஓர் அம்மாள், மிகவும் பொறுமையானவர், என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வேலுச்சாமி என்று இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற இடம் காலி. “உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன?” என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்றேன். “அந்த எழுத்து யாருடைய பெயர்?” அப்பாவுடையது. “அப்பாவின் குடும்பப் பெயர்?” அவருக்கும் எழுத்துதான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியானால் நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று எப்படித் தெரியும்?” கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றேன். அதை எழுத அவரிடம் கட்டம் இல்லை.

அந்தக் கடிதம், இந்தச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பின் மேல் முத்திரை என்று மாதங்கள் ஓடின. பெயர் முடிவாகாமல் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் பூம்பாறை இல்லை. பூம்பாறை இல்லாமல் சோறு இல்லை. சமையலறையில் ஒரு மூட்டை பொன்னி அரிசியை வைத்துக்கொண்டு என் பிள்ளை கேரட்டைத் துப்பிக்கொண்டிருந்தான்.

“நேர்ச்சைய கொஞ்சம் தள்ளி வைப்போமா? சாமிக்குத் தெரியாதா நெலம?” என்று ஒருநாள் ஜெனியிடம் மெதுவாகக் கேட்டேன். இந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் நான். அவள் அட்டுவம்பட்டிக் கிறிஸ்தவப் பெண், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் வளர்ந்தவள். விட்டால் போதும் என்று சம்மதிப்பாள் என்று நினைத்தேன்.

“நோ. அக்காகிட்ட ப்ராமிஸ் பண்ணிருக்கேன்” என்றாள்.

எங்கள் கல்யாணம் கூடாது என்று என் பெரியப்பாக்கள் குதித்தபோது, வாசலில் நின்று பேசியது அக்கா ஒருத்திதான். “அந்தப் புள்ள கழுத்துல சிலுவை கெடந்தா ஒங்களுக்கென்ன, ஒங்க கழுத்தையா குத்துது?” என்று கேட்டாள். ஜெனி அப்போது என் டாக்ஸிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அக்கா அவளிடம் பெயரை மாற்று என்றோ பொட்டு வை என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“இத்தன வருசத்துல அவங்க எங்கிட்ட கேட்ட ஒரே விசயம் இதுதாங்க. இதையும் நான் செய்யலைன்னா என்ன மனுசி நான்?” என்றாள் ஜெனி.

4

எட்டாம் மாதம், ஜனவரியில், அக்கா அனுப்பிய பார்சல் சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. நேரில் வந்து விளக்கம் சொல்லச் சொல்லிக் கடிதம் வந்தது. இனியனை நெஞ்சில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கவுண்டரில் ஓர் இளம்பெண் அதிகாரி. பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பினார். கேழ்வரகு மாவு, கருப்பட்டி, அதோடு நூலில் கட்டிய ஐந்தாறு வேர்த்துண்டுகள். மாவையும் கருப்பட்டியையும் சமாளித்துவிட்டேன். வேரைக் கையில் எடுத்து, “இதன் பெயர் என்ன?” என்றார்.

எனக்கு அதன் பெயர் தெரியாது.

ஊர்க்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பிள்ளைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரசி நாக்கில் தடவுவார்களே, கையில் வளையலாகக் கட்டுவார்களே, அதுதான். பெயரைச் சொன்னால் மருந்தின் பலம் போய்விடும் என்று நம்பிக்கை. மற்ற வீடுகளில் பகலிலாவது சொல்வார்கள். அக்கா பகலிலும் சொல்லமாட்டாள். ‘பேர் சொல்லாதத எடுத்தா’ என்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன். முப்பத்தாறு வருடம் எனக்கு அதன் பெயர் அதுதான். பார்சல் மேல் ஒட்டியிருந்த தாளிலும் அக்கா யாரையோ விட்டு ஆங்கிலத்தில் அப்படியே எழுத வைத்திருந்தாள்: பெயர் சொல்லக் கூடாத பொருள், ஒரு கட்டு.

அதிகாரி அந்தத் தாளை எனக்குப் படித்துக் காட்டினார். நான் அவசரமாக அக்காவுக்குப் போன் போட்டேன். இங்கே பகல் ஒன்றரை மணி. அங்கே ஆறு.

“அக்கா, வேர் அனுப்பிருக்கியே, அதோட பேரென்ன?”

“ஏலே! வெளக்கு வெக்கிற நேரத்துல அந்தப் பேரையா சொல்லச் சொல்ற? புள்ள இருக்குற வீடு! காலைல வெள்ளனே கேளு, யோசிச்சுச் சொல்றேன்.”

“ஆபீசரம்மா முன்னால நிக்கிறேன்க்கா!”

“நின்னா என்ன? அந்தம்மாவுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல, வெளங்கும், சொல்லு.” வைத்துவிட்டாள்.

அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனைத் திரட்டினேன். இது என் குழந்தைக்கு, நாக்கில் தடவ, என் அக்கா அனுப்பியது. அன்பளிப்பு என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் சொல் சமயத்தில் வரவில்லை. கொடைக்கானல்காரன் வாய், இங்கிலீஷ்தான் வந்து விழுந்தது. “கிஃப்ட்” என்றேன். அவர் முகம் மாறியது. புரியவில்லை போல என்று நெஞ்சிலிருந்த பிள்ளையைத் தொட்டுக் காட்டி, “பேபிக்கு... கிஃப்ட், கிஃப்ட்!” என்று சிரித்தபடி இன்னும் இரண்டு முறை சொன்னேன்.

ஜெர்மன் மொழியில் கிஃப்ட் என்றால் விஷம்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பெரியவரை அழைத்து வந்தார். அவர் என்னிடம் ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டார், பெட்டியைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெயர் தெரியாத வேரை உள்ளே விட முடியாது என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தார்கள்.

மறுநாள் நான் கண் விழித்தபோது போனில் அக்காவின் குரல் பதிவு கிடந்தது. “வசம்பு. வசம்புலே. நல்லா விடிஞ்சிருச்சு, அதான் சொல்றேன். இனி கேக்காத.”

இதை ஒரு வேடிக்கையாகத்தான் மருத்துவச்சியம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இதுவரை குழந்தையின் நாக்கில் தடவியிருக்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதையே வேறு மாதிரி இரண்டு தரம் கேட்டார். அந்த வேர் பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்லிக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினார். ஜெனியும் அது சரிதான் என்றாள். அந்த அம்மா எழுதிய அந்த இரண்டு வரி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் ஊர் பேர் தெரியாத எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றி என்னை நம்பி மலை ஏறியிருக்கிறார்கள். இங்கே என் பிள்ளை விஷயத்திலேயே நான் சந்தேகப்பட வேண்டிய ஆளாகிவிட்டேன் என்று அன்று மிகவும் வலித்தது.

5

அதே வாரத்தில் குழந்தை டாக்டரிடம் எடை பார்த்தோம். தராசில் படுக்க வைத்ததும் இனியன் டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். அவர் சிரிக்காமல் எடை அட்டையை எங்களிடம் திருப்பினார். மேலே ஏற வேண்டிய கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது; இப்போது இறங்கியிருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு.

“பால் மட்டும் இனி இவனுக்குப் போதாது. இரண்டு வாரம் தருகிறேன். எடை ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வரலாம்” என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “உங்கள் நாட்டில் குழந்தைகளுக்கு முதலில் என்ன கொடுப்பீர்கள்? சோறு அல்லவா? கொடுத்துப் பார்த்தீர்களா?”

நான் ஜெனியைப் பார்த்தேன். “கொடுத்தோம்” என்றாள் ஜெனி. என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

வீடு வந்து கதவைச் சாத்தியதும் நான் கத்தினேன்.

“நீ நர்ஸுதானே? ட்யூப் போடுறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது?”

“எனக்குத்தாங்க தெரியும்! தெனம் போடுறேன்ல!” அவளும் கத்தினாள். “ரெண்டு புள்ள போச்சு. மூணாவது தங்குச்சு. ஏன் தங்குச்சுன்னு எந்த டாக்டரும் சொல்லல. அக்கா நேந்துக்கிட்டாங்க, தங்குச்சு. இப்ப நான் அத ஒடைச்சு, இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதம் அது வாக்குக்குக் கட்டுப்பட்ட மரியாதை என்றே நினைத்திருந்தேன். அவளுடைய ஜெபமாலையும் என் வேலப்பரும் ஒரே பயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். வீடியோவில் வந்தாள். தட்டில் வழக்கம் போல வேகவைத்த உருளைக்கிழங்கு. கொஞ்ச காலமாகவே அவள் எப்போது பார்த்தாலும் கிழங்கு, களி, சப்பாத்தி என்றுதான் தின்றுகொண்டிருந்தாள். சுகர் வந்துவிட்டதா என்று கேட்டதற்கு, “ஆமாலே, சுகருதான்” என்று சொல்லியிருந்தாள். நான் கவலைப்பட்டு, லீவில் ஊருக்குப் போன ஒரு நர்ஸிடம் சுகர் பார்க்கும் மெஷின்கூடக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

“புள்ளைக்குப் பேரு கெடச்சிருச்சா? எப்பலே வர்றீங்க?” என்றாள், வாயில் கிழங்கோடு. முகம் வற்றிக் கிடந்தது. எனக்குக் கேட்க மனம் வரவில்லை. வெரசா வந்துருவோம்க்கா என்று வைத்துவிட்டேன்.

6

நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் ஜெனி காலை ஷிஃப்ட்டுக்குப் போனபிறகு, நான் ஒரு கைப்பிடி அரிசி களைந்தேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது. அரிசியும் பாசிப்பருப்பும் குழையக் குழைய வெந்தது. உப்பு போடவில்லை, ஒரு வயதுவரை கூடாது என்று மருத்துவச்சியம்மா கொடுத்த தாளில் இருந்தது. நெய் விட்டேன். வேகும்போது எழுந்த வாசத்தில் எனக்கே வாய் ஊறியது. “வேலப்பா, கோவப்படுறதா இருந்தா எம்மேல கோவப்படு, புள்ளைய விட்ரு” என்று வாய்விட்டே சொன்னேன்.

கரண்டியில் எடுத்து நீட்டினேன். இனியன் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். என்ன ஆட்டம் ஆடினாலும் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. நேர்ச்சையையும் உடைத்தாயிற்று, இதையும் துப்பப்போகிறானா! கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வீசினேன். அது விழுந்த சத்தத்தில் அவன் திரும்பிப் பார்த்தான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவனைத் தொடை மேல் இருத்தினேன். சோற்றை விரலால் பிசைந்தேன், ஒரு பருக்கைகூட முழுசாக இல்லாமல். நாலு விரல் நுனியில் சின்னதாக எடுத்துக் கட்டை விரலால் தள்ளினேன். அக்கா எனக்கு அப்படித்தான் ஊட்டுவாள்.

வாய் திறந்தது.

விழுங்கினான். என் கையைப் பார்த்தான். இன்னொரு வாய். விரலையே சப்பிப் பிடித்துக்கொண்டான். இரண்டு மாதமாக நான் அவனிடம் நீட்டியது பிளாஸ்டிக் கரண்டியை. அவனுக்குக் கேரட்டோடு சண்டையே இல்லை, கரண்டியோடுதான் சண்டை போலிருக்கிறது. இந்த மடத்தனம் தெரிய எனக்கு இத்தனை நாள். பதினோரு வாய் சாப்பிட்டான். பதினோராவது வாய்க்கு நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கப்படவில்லை.

மூன்று மணிக்கு ஜெனி வந்தாள். பிள்ளையைத் தூக்கியவள் அவன் காது மடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மசியலை விரலால் எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். கோட்டைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எத்தன வாய்?”

“பதினொண்ணு.”

வெகுநேரம் அவனை அணைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், “அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

மறுநாள் நான்தான் பேசினேன். ஜெனி பக்கத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். எடை, டாக்டர், குழாய் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “நேத்து மத்தியானம் சோறு குடுத்துட்டேன்க்கா. நான்தான். ஜெனிக்குத் தெரியாது” என்றேன்.

அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“தின்னானா?” என்றாள்.

“பதினோரு வாய்.”

“உப்பு போட்டியா?”

“இல்லக்கா.”

“உப்பில்லாமயா பதினோரு வாய் தின்னான்!” என்றாள். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். கூரை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து அவள் சத்தம் கேட்டது: “ஏங்க, அடுப்புல ஒலைய வைங்க! அரிசி எங்க கெடக்கு?”

கோபம் தாங்காமல் எழுந்து போய்விட்டாள் என்று நான் ஜெனியைப் பார்த்தேன். மச்சான் போனைக் கையில் எடுத்தார். அதிகம் பேசாத மனுஷன், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாப்ள, ஒங்களுக்குத் தெரியாதுல்ல? நேர்ச்சைய வெளிய சொன்னா பலிக்காதுன்னு எங்கிட்டயே சத்தியம் வாங்கிருந்தா. ஒரு பருக்கை உள்ள போகக் கூடாதுன்னு அவ சொன்னது புள்ளைக்கு இல்ல. அவளுக்கு. புள்ள வாயில சோறு படுற வரைக்கும் அவ சோறு தொடுறதில்லன்னு நேந்துக்கிட்டா. பதினாலு மாசமாச்சு மாப்ள. கல்யாண வீட்டுக்கெல்லாம் போயி பந்தியில உக்காராம வந்தா. சுகருன்னு சொல்லி வெச்சா. நீங்க குடுத்துவிட்ட மெஷினு அட்டப்பெட்டியோட அலமாரியில கெடக்கு.”

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டாள். புள்ளைக்குப் பேரு கெடச்சிருச்சா, எப்பலே வர்றீங்க என்று அக்கா கேட்டபோதெல்லாம், இந்த அலுவலகத்தை, அந்த முத்திரையை என்று நான் அலுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம், “சும்மா சும்மா கேக்காதக்கா, கடுப்பா இருக்கு” என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

போனை வைக்க வேண்டாம் என்று மச்சானிடம் கேட்டுக்கொண்டேன். அவர் போனை அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனார். அக்கா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். குழம்புகூட வைக்கவில்லை, சூடான சோற்றில் உப்பைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “எதுக்குய்யா இதப் போயிக் காட்டுறீங்க” என்று திரும்பாமலே வைதாள்.

7

இரண்டு வாரக் கெடு முடிந்தபோது கோடு மேலே ஏறியிருந்தது. குழாய் இல்லை. கையால் ஊட்டுவதை மருத்துவச்சியம்மா ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார். கை கழுவினீர்களா என்று மட்டும் கேட்டார். பிறகு குறிப்பேட்டில் நீளமாக எழுதினார். இந்த முறை என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “நன்றாகச் சாப்பிடுகிறான், அப்பா ஊட்டுகிறார்” என்று படித்துக் காட்டினார்.

பெயரும் கிடைத்தது. என் பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இனி என் பேரன் கொள்ளுப்பேரன் எல்லோரும் வேலுச்சாமிகள். பாஸ்போர்ட் வந்துகொண்டே இருக்கிறது. “சாமிட்ட வெவரம் சொல்லிட்டேன், வரும்போது கூட்டியாந்து காட்டு போதும்” என்கிறாள் அக்கா.

பதினாலு மாதமாகிவிட்டது இனியனுக்கு. முதல் வார்த்தை போன வாரம் வந்தது. அப்பா இல்லை, அம்மா இல்லை. சாப்பிடும்போது தட்டைத் தட்டி “மேர்” என்றான். ஜெர்மன் மொழியில் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். விளையாட்டுத் திடலில் பிள்ளைகளிடம் கேட்டுப் பிடித்திருக்கிறான். எனக்கு எங்கோ சுருக்கென்றது. காப்பகத்துக்குப் போனால் கரண்டியும் பிடிப்பான், என் கை அவனுக்கு அழுக்காகத் தெரியும் நாளும் வரும். வரட்டும், தடுக்க முடியாது. அக்கா போனில் அதைக் கேட்டுவிட்டுத் துள்ளினாள்: “ஏலே, மோர் கேக்குறான்டா! குடுலே!” நான் திருத்தவில்லை. மோர்தான் கொடுத்தேன்.

படிவத்தை இப்போதுதான் எழுதி முடித்தேன். விரும்பிச் சாப்பிடுவது: சோறு. தமிழில் எழுதி, பக்கத்தில் ஜெர்மனிலும் எழுதினேன். கோட்டில் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

சலீம், அரண்மனை இன்னொரு சமயம். இனியன் இப்போதுதான் சாப்பிட்டு முடித்தான், பதினாறு வாய். அக்காவுக்குச் சொல்ல வேண்டும். நேர்ச்சை முடிந்தும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. இவன் சாப்பிட்டுவிட்டான் என்று என் போன் போகாமல் தட்டில் கை வைக்கமாட்டாள். எத்தனை சொல்லியும் கேட்பதில்லை. அங்கே மணி நாலாகிவிட்டது, இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டாள்.